கேப்டன் வீட்டார் கேட்டு வரும்வரை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மெஷினை மிதிக்காதே, மோட்டார் போட்டுக்கொள் என்று போன வருஷமே சொன்னேன். நீ கேட்கிற ஆளா?

ஒரு விஷயம். எங்கள் அருங்காட்சியகத்தில் அடுத்த மாதம் பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளின் கண்காட்சி தொடங்குகிறது. இயக்குநர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, "உங்க வீட்டுல, தெரிஞ்சவங்க வீட்டுல ஏதாவது இருந்தா கொண்டுவாங்கய்யா. கொண்டுவர்றவனை நான் மறக்க மாட்டேன்" என்றார். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. அப்பாவின் அலமாரியில் இருக்கிற பிஸ்டலைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

ஆறு மாதக் கடன்தான். பயப்படாதே. கடனாக வரும் ஆயுதத்துக்கு நாங்கள் சிவப்புச் சீட்டுக் கட்டுவோம். அதை மேலே தூசி தட்டலாம், தோட்டா இல்லையே என்று குழலுக்குள் எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் ஒரு திருகைக்கூட யாரும் கழற்ற முடியாது. ஆயுத அறையில் இருப்பவனே நான்தான். என்னைத் தாண்டி யார் தொடுவார்கள்?

எனக்கு இங்கே இன்னும் தற்காலிக வேலைதான். அதுவே என் பெயராகிவிட்டது. "தற்காலிகம், டீ வந்துடுச்சா?" என்று கேட்கிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

உடனே பதில் போடு.

உன் தம்பி

ஜனவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம். யாவரும் என்றால் நானும் மெஷினும். பள்ளிச் சீருடைத் தையல் வந்து குவிந்து கிடக்கிறது. முழங்கால் தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு நாள் மடித்தே வைத்திருந்தேன். அந்தப் பிஸ்டல் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்பா ராணுவ முகாமின் ஆயுதப் பட்டறையில் மேஸ்திரி. அன்று முகாம் வாசலில் ஊர்க்கூட்டம் நின்றது. கலைந்து போகவில்லை என்றால் சுடு என்று மேலேயிருந்து உத்தரவு. கேப்டன் நேராகப் பட்டறைக்கு வந்தார். இடுப்பிலிருந்த பிஸ்டலை எடுத்து மேஜையில் வைத்தார். வைத்த வேகத்தில் மரப்பிடியின் ஓரத்தில் ஒரு சில்லுத் தெறித்தது. "மேஸ்திரி, இது மேலிடத்துக்காரங்க கைக்குப் போகக் கூடாது. நான் கேட்டு வர்ற வரைக்கும் வச்சிரு. நான் வரலைன்னா என் வீட்டார் வருவாங்க" என்றார். வெறும் இடுப்போடு வாசலுக்குப் போனார். சுட மாட்டேன் என்று சொல்லி நின்றார். அன்று யாரும் சாகவில்லை. கேப்டனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை.

"இது நம்ம பொருள் இல்ல, நம்ம வீட்டுல தங்கியிருக்கு" என்று அப்பா சொல்வார். அதைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார். நீ எண்ணெய் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். இப்போது அந்த நாற்றத்திலேயே சம்பாதிக்கிறாய். பட்டறையில் அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? எந்தத் துப்பாக்கியையும் முழுசாக வெளியே கொடுக்க மாட்டார். விசையை இழுத்தால் பாய்ந்து தோட்டாவைக் குத்துமே, அந்த ஊசியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வார். வாங்க வேண்டியவரே வந்து கேட்டால்தான் ஊசி.

நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. வேனை அனுப்பு. ஆனால் இரண்டு விஷயம். ஜூலையில் அது வீட்டில் இருக்க வேண்டும். பக்கத்தில் வைக்கிற அட்டையில் கேப்டனைப் பற்றி எழுத வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று வேன் டிரைவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். "உங்க அக்கா பெட்டியைக் கொடுத்துட்டு வாசல்லயே நின்னாங்க சார். தெரு முனை திரும்புற வரைக்கும் கண்ணாடியில பார்த்துக்கிட்டே வந்தேன், உள்ள போகவே இல்ல" என்றார். உன் டீயைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார்.

பிஸ்டல் நடுக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், தனி விளக்கின் கீழ் இருக்கிறது. சிவப்புச் சீட்டை என் கையால் கட்டினேன். கடனை என் பெயரில் போட்டிருக்கிறேன். உன் பெயரில் போட்டால் நீ இங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த முழங்காலோடு எதற்கு அலைச்சல்?

அட்டையில் இப்போதைக்கு 'படை அதிகாரியின் கைத்துப்பாக்கி' என்று மட்டும் போட்டிருக்கிறது. கேப்டன் கதையை எழுதினால் பத்திரிகைக்காரர்கள் உன் வாசலில் வந்து நிற்பார்கள். உனக்குத் தொல்லை வேண்டாம் என்றுதான். தப்பாக நினைக்காதே.

மோட்டார் என்ன ஆயிற்று?

உன் தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அட்டை விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எனக்காக என்கிறாய், விட்டுவிடுகிறேன்.

இதைக் கேள். கேப்டனின் மகளிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது! அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இத்தனை வருஷமாகத் தன் அப்பாவுடன் வேலை பார்த்தவர்களைத் தேடித் தேடி, கடைசியில் முகாம் கேன்டீன்காரர் மூலம் நம் முகவரியைப் பிடித்திருக்கிறார். "என் தந்தையின் பொருள் ஏதேனும் தங்களிடம் இருக்கலாம் என்று அறிந்தேன். இல்லாவிட்டாலும் அவரைக் கடைசியாகப் பார்த்தவரின் வீட்டை ஒருமுறை பார்க்க விரும்புகிறேன்" என்று எழுதியிருக்கிறார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் வரச் சொல்லிப் பதில் போட்டுவிட்டேன். இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்றும் எழுதிவிட்டேன். அப்பா இருந்தால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு இன்றைக்கே வாசலில் உட்கார்ந்திருப்பார்.

ஜூலையில் நீயே எடுத்துக்கொண்டு வா. அப்படியே ஒரு படம் எடுத்து அனுப்பு. விளக்கின் கீழ் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை.

அன்பு அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு மாதமாக எழுதவில்லை. வேலை கழுத்தைப் பிடித்தது.

நல்ல செய்தி. என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆயுத அறைக்கு நான்தான் இனிப் பொறுப்பு. நேற்றுக்கூட டீக்காரர் "தற்காலிகம்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏழு வருஷம் அக்கா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

கண்காட்சியை நீட்டிக்கலாம் என்று பேச்சு இருக்கிறது. ஜூலை கொஞ்சம் தள்ளிப்போகலாம். படம் எடுக்க உள்ளே அனுமதி இல்லை.

அப்பாவின் கை வேலையை என்ன சொல்ல! அவர் சொல்லிக்கொடுத்தபடி நீ போட்ட எண்ணெய் இன்னும் உள்ளே காயவில்லை. ஸ்பிரிங் நேற்றுச் செய்த மாதிரி இருக்கிறது. நீ எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே நல்ல வெயில். இந்த வருஷம் மழை தாமதம் என்கிறார்கள். உன் பக்கம் எப்படி?

உன் தம்பி

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் செய்தி படித்துக் கண் நிறைந்துவிட்டது. கீழ்வீட்டு நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப இனிமே உங்க தம்பியைப் பிடிக்க முடியாது" என்றாள். அவள் அடுத்த மாதம் ஏதோ பயிற்சிக்காக உன் ஊருக்கு வருகிறாள். கண்காட்சியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். பிஸ்டல் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா? நன்றாகப் பார்த்துவிட்டு எழுது.

இங்கே மழை இல்லை.

அன்பு அக்கா

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. நீ கவலைப்படாதே.

கேப்டன் மகளை இந்த வருஷம் வர வேண்டாம் என்று எழுத முடியுமா? வயதானவர், அவ்வளவு தூரம் பயணம் செய்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நமக்குத்தான் பழி. அதோடு, இத்தனை வருஷம் கழித்து ஒரு பிஸ்டலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார்? ஒரு பழைய புகைப்படமோ வேறு எதுவோ கொடுத்தால் போதாதா? யோசித்துப் பார்.

நர்ஸ் வருவது என்றைக்கு? முன்கூட்டிச் சொன்னால் நானே கூட்டிப்போய்க் காட்டுவேன். தனியாக வந்தால் அவருக்குச் சுற்றிப் பார்க்கத் தெரியாது.

உன் தம்பி

ஜூலை 19

தம்பிக்கு,

நர்ஸ் திரும்பி வந்துவிட்டாள். உனக்குச் சொல்லாமல்தான் போயிருந்தாள். நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, நடுக்கூடத்துல தேடினேன், இல்ல. அந்தக் கண்காட்சியே ஏப்ரல்ல முடிஞ்சுபோச்சாம். காவலாளியைக் கேட்டா, 'பிள்ளைங்க கூடத்துல ஒண்ணு இருக்கும்மா, போய்ப் பாருங்க'ன்னார். போனேன். அங்க ஒரு பிஸ்டலை நீளவாக்குல அறுத்து வச்சிருக்காங்க. உள்ள இருக்கறதெல்லாம் தெரியற மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர். கீழ ஒரு பட்டன். அமுக்கினா விசை ஆடுது. பிள்ளைங்க அடிச்சுக்கிட்டு அமுக்குதுங்க."

"அது வேற பிஸ்டலா இருக்கும்" என்றேன்.

"நீங்க பார்த்துட்டு வரச் சொன்னீங்களே, பிடி ஓரத்துல சில்லுத் தெறிச்ச இடம். இருக்கு அக்கா."

நான் கொஞ்ச நேரம் துணியை மடித்தேன். பிறகு, "ஊசிக்கு என்ன கலர் அடிச்சிருக்காங்க?" என்று கேட்டேன். அவள் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தாள். "மஞ்சள்" என்றாள்.

அந்த மஞ்சள் ஊசி யாருடையது, தம்பி? இந்தப் பிஸ்டலின் ஊசி என் பாபின் டப்பாவில் இருக்கிறது. ஜனவரியில் வேன் வருவதற்கு முன் கழற்றி வைத்தேன். ஜூலையில் நீயே கொண்டுவரும்போது உன் கையால் பொருத்தச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மே மாதம் எண்ணெய் காயவில்லை என்று எழுதினாய். பிரிக்காமல் அது தெரியாது. பிரித்தவனுக்கு ஊசி இல்லாதது தெரியாமல் இருக்காது. அதனால்தான் உள்ளே எல்லாம் சரியா என்று கேட்டேன். ஊசியைக் காணோம் அக்கா என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரு குறையும் இல்லை என்று எழுதினாய்.

சிவப்புச் சீட்டு எங்கே?

அக்கா

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கண்காட்சி முடிந்த வாரம் இயக்குநர் கூப்பிட்டார். நிரந்தர வேலைக்கு இருவரின் பெயர் போகிறது, ஒன்று என்னுடையது என்றார். "நீங்க கொண்டுவந்த பிஸ்டல் நல்ல பொருள். அன்பளிப்பா வந்திருந்தா உங்களுக்காகப் பேச எனக்கும் வசதியா இருந்திருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் ஆயுத அறைக்குப் போய்ச் சீட்டை அவிழ்த்தேன். பிரித்தேன்.

ஊசி இல்லை.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்குக் கோபம் வந்தது. சொந்தத் தம்பியை நம்பாமல் ஊரான் வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்திருக்கிறாளே என்று. அந்தக் கோபத்தோடு நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். அன்பளிப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "பின்னாடி யாரும் வந்து கேட்க மாட்டாங்களே? கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேன் டிரைவர் சாவி வாங்குவதற்காகக் கதவோரம் நின்றிருந்தார். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

அதோடு முடியும் என்று நினைத்தேன். நடுக்கூடத்தில், விளக்கின் கீழே இருக்கட்டும், வீட்டு அலமாரியைவிட நல்ல இடம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஜூனில் இயக்குநர் மறுபடி கூப்பிட்டார். அந்த வகைப் பிஸ்டல் கிடங்கில் வேறும் இருக்கிறது. எங்கள் இடத்தில் வழக்கம் என்னவென்றால், யாருடையது, எங்கே இருந்தது என்று தெரிந்த ஆயுதத்தை யாரும் தொட மாட்டார்கள். ஒன்றுமே தெரியாததைப் பிள்ளைகள் பார்ப்பதற்காக அறுக்கலாம். "இதுக்குப் பின்னால ஏதாவது கதை இருக்கா?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். கேப்டனைப் பற்றிச் சொன்னால் அவர் யாரிடம் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அன்பளிப்பாகக் கொடுக்க நான் யார் என்று வரும். "இல்லைங்க" என்றேன்.

"அப்ப அறுத்துடுங்க. நீங்களே பண்ணுங்க, உங்க கைதான் சுத்தம்" என்றார்.

நான்தான் அறுத்தேன். கிடங்கிலிருந்து வேறொரு ஊசியை எடுத்து நான்தான் போட்டேன். நீ எல்லாம் சரியா என்று கேட்டு எழுதிய கடிதம் அன்று என் சட்டைப் பையில் இருந்தது.

நீ முதல் நாளே என்னை நம்பியிருந்தால் இது நடந்திருக்காது என்று சில சமயம் தோன்றுகிறது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

கேப்டன் மகளிடம் என்ன சொல்லப் போகிறாய்?

உன் தம்பி

செப்டம்பர் 3

தம்பிக்கு,

இந்த முறை நலம் விசாரிக்கவில்லை.

ஊசி இல்லாததைப் பார்த்துக் கோபம் வந்தது என்கிறாய். ஊசி இல்லை என்பது பிரித்த பிறகுதான் தெரியும். சீட்டை அவிழ்த்தது அதற்கு முன்பு. கோபம் வருவதற்கு முன்பே நீ முடிவு செய்துவிட்டாய். என்மேல் போடாதே.

நான் ஊசியைக் கழற்றியது உன்மேல் சந்தேகப்பட்டு அல்ல. அப்பா யாரிடம் கொடுத்தாலும் அப்படித்தான் கொடுப்பார். என்னிடம் கொடுத்தபோதும் அப்படித்தான் கொடுத்தார். முதலில் பிஸ்டலின் உடலைக் கொடுத்தார், ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று ஊசியைக் கொடுத்தார். ஆனால் இப்போது பாபின் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன், அந்தப் பழக்கம் அப்பாவுக்கு எதற்கு வந்திருக்கும் என்று.

கேப்டன் மகள் போன வெள்ளிக்கிழமை வந்தார். ஒல்லியான உருவம், கையில் துணிப்பை, சரியாகச் சொன்ன நேரத்துக்கு. வாசலிலேயே நின்று, "மேஸ்திரி வீடு இதானேம்மா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அப்பாவை அந்தப் பெயரில் யாரும் கேட்டு வந்ததில்லை. உட்காரச் சொன்னேன். டீ கொடுத்தேன். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

டப்பாவிலிருந்து ஊசியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். எது என்ன என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா இருக்கு?"

"இவ்வளவுதான் இங்க இருக்கு. மீதி அருங்காட்சியகத்துல இருக்கு. அறுத்துட்டாங்க."

"யாரு?"

நான் டீ டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன். அவர் ஆசிரியையாக இருந்தவர், பதில் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர். பிறகு அவரே பேசினார். "எங்கப்பா அதை வச்சு ஒரு தடவைகூடச் சுட்டதில்லையாம். அம்மா சொல்வாங்க. இந்த ஊசி எதையும் குத்தினதே இல்லைன்னா, இதைப் பார்த்ததே எனக்குப் போதும்னு வைங்க." ஆனால் போதவில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்த பிறகு இரண்டு தடவை வெளியே எடுத்துப் பார்த்தார். அவரிடம் அப்பாவின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். அப்பா செய்யாத தப்புக்கு.

அவர் அங்கே வருகிறார். அக்டோபர் முதல் வாரம். உன் பெயரையும் அறையையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீ எனக்கு யார் என்று மட்டும் சொல்லவில்லை. நீயே கூட்டிப்போய்க் காட்டு. அது யாருடையது என்று உன் வாயால் சொல். முடிந்தால் இயக்குநர் பக்கத்தில் இருக்கும்போது சொல். அந்த மஞ்சள் ஊசியை எடுத்துவிட்டுத் தன்னிடம் இருக்கும் ஊசியைப் போடுவதா வேண்டாமா என்று கேப்டன் மகளே முடிவு செய்யட்டும். நான் வர மாட்டேன். நீயும் இங்கே வர வேண்டாம், இப்போதைக்கு.

வாசல் வரை போய் வழியனுப்பினேன். படி இறங்கியவர் நின்று திரும்பி, "தனியாவா இருக்கீங்க? கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். சும்மா, அக்கறையாகத்தான் கேட்டார். இயக்குநர் உன்னிடம் கேட்ட அதே கேள்வி.

நீ சொன்ன பதில் என் வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும்.

"ஒரு தம்பி இருக்கான்" என்றேன்.

அக்கா